பூட்லோடரைத் திறந்தால் எது திறக்கிறது? கஸ்டம் ரோம் பற்றிய விளக்கம்

கம்பெனி அப்டேட் நிறுத்திவிட்ட போனில் கஸ்டம் ரோம், அதாவது கம்பெனி அல்லாத வேறொருவர் கட்டிய இயங்குதளம் போட்டால் மறுபடி புதிதுபோல ஓடும் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். போட்டவர்களில் சிலரோ, வங்கி ஆப் திறக்க மறுக்கிறது, ஆன் செய்யும்போதெல்லாம் ஆரஞ்சு எச்சரிக்கை வருகிறது என்று புலம்புகிறார்கள். இதற்கிடையில் போன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக, இதற்கு வழிவிடும் பூட்லோடர் வாசலையே மூடி வருகின்றன. தனித்தனிச் செய்திகளாகத் தெரிந்தாலும் இவற்றுக்கு வேர் ஒன்றுதான்: போன் யாருடைய கையொப்பத்தை நம்புகிறது? அந்தக் கையொப்பம் எங்கே இருக்கிறது, அதை மாற்றினால் எதெல்லாம் குலையும் என்பது பிடிபட்டால் மற்ற முடிச்சுகளை அவிழ்ப்பது எளிது.

## ரோம் என்பது எந்தப் பகுதி?

ரோம் என்ற பெயரே ஒரு பழைய மிச்சம். படிக்க மட்டுமே முடிகிற நினைவகத்துக்கு வைத்த பெயர் அது. போனில் இயங்குதளம் உட்கார்ந்திருக்கும் பகுதியில் சாதாரணமாக யாரும் எழுதுவதில்லை என்பதால் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. (வேகத்துக்கு நாம் கணக்குப் பார்க்கும் ரேம் வேறு.) இன்று ரோம் என்றால் இயங்குதளத்தின் முழுத் தொகுப்பு. கம்பெனி கொடுத்தது ஸ்டாக் ரோம். வேறொருவர் கட்டித் தருவது கஸ்டம் ரோம்.

ஆண்ட்ராய்டு போனின் மென்பொருளைக் கீழிருந்து மேலாக நான்கு அடுக்குகளாகப் பார்க்கலாம்.

1. ஃபர்ம்வேர். போன் எழும்போது இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடர், சிக்னலைக் கவனிக்கும் மோடம், சாவிகளைப் பூட்டிவைக்கும் பாதுகாப்புப் பகுதி ஆகியவற்றின் மென்பொருள். இதற்கு மூலநிரல் வெளியே கிடையாது. சிப் கம்பெனியும் போன் கம்பெனியும் மட்டுமே தொட முடியும்.

2. கெர்னல். வன்பொருளையும் மேலே உள்ள மென்பொருளையும் இணைக்கும் மையப் பகுதி. இங்கே அது லினக்ஸ்தான். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் இருப்பதால், போனை விற்கும் கம்பெனி இதன் மூலநிரலைக் கேட்பவருக்குக் கொடுத்தாக வேண்டும். சிலர் ஒழுங்காகத் தருகிறார்கள், சிலர் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள்.

3. வெண்டர் பகுதி. கேமரா, கிராஃபிக்ஸ், கைரேகை சென்சார் போன்றவற்றை இயக்கும் டிரைவர்கள். பெரும்பாலும் மூலநிரல் இல்லாத வெறும் பைனரிக் கோப்புகள். இந்த உலகத்தில் இவற்றை பிளாப் என்பார்கள்.

4. சிஸ்டம். நாம் ஆண்ட்ராய்டு என்று சொல்லும் முகம். ஏஓஎஸ்பி என்ற பெயரில் கூகுள் இதன் மூலநிரலை வெளியிடுகிறது. அதன் பெரும்பகுதி அப்பாச்சி உரிமத்தில் வருவதால் யாரும் எடுத்து மாற்றிக் கட்டலாம்.

கஸ்டம் ரோம் முழுதாக மாற்றுவது நான்காவது அடுக்கை. கெர்னலைத் தானே கம்பைல் செய்து சேர்த்துக்கொள்கிறது. மூன்றாவது அடுக்கின் பிளாப்களைக் கம்பெனி கடைசியாக வெளியிட்ட ரோமிலிருந்து அப்படியே எடுத்துவைக்கிறது. ஃபர்ம்வேரில் கைவைக்க அதற்கு வழியே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு பற்றிப் பேசும்போது திரும்பவும் இங்கே வர வேண்டியிருக்கும்.

நான்காவது அடுக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ப்ளே ஸ்டோர், ப்ளே சர்வீசஸ், மேப்ஸ் எதுவும் ஏஓஎஸ்பியில் இல்லை. அவை கூகுளின் தனிச்சொத்து. உரிமம் வாங்கிய கம்பெனிகள் மட்டுமே போனில் சேர்த்து விற்கலாம். 2009-இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மோட் என்ற ரோம் இந்த ஆப்களைச் சேர்த்தே கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளிடமிருந்து நிறுத்தச் சொல்லி வக்கீல் கடிதம் வந்தது. அதிலிருந்து பிறந்த வழக்கம்தான், ரோமைத் தனியாகவும் ஜிஆப்ஸ் என்ற கூகுள் தொகுப்பைத் தனியாகவும் நிறுவுவது. புதிதாக வருகிறவர்கள் ஏன் இரண்டு ஃபைல் என்று விழிப்பதற்குக் காரணம் அந்தக் கடிதம்.

## பவர் பட்டனை அழுத்தியதும் நடப்பது

டிஜிட்டல் கையொப்பம் என்றால் என்னவென்று இரண்டு வரியில். கம்பெனியிடம் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது; அதற்கு ஜோடியான பொதுச் சாவி போனுக்குள் இருக்கிறது. ரகசியச் சாவியால் ஒப்பமிட்ட மென்பொருளைப் பொதுச் சாவியால் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச் சாவியை வைத்துக்கொண்டு புதிய ஒப்பத்தை உருவாக்க முடியாது.

போன் உயிர்பெறும்போது இந்தச் சரிபார்ப்பு சங்கிலியாக நடக்கிறது.

1. சிப்பைத் தயாரிக்கும்போதே அதற்குள் பதித்துவிட்ட பூட் ரோம் முதலில் ஓடுகிறது. இதை அப்டேட் செய்ய முடியாது. 2019-இல் வெளியான செக்எம்8 என்ற ஓட்டை ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையிலான மாடல்களின் பூட் ரோமில் இருந்தது. ஆப்பிளாலேயே அதை அப்டேட் கொடுத்து அடைக்க முடியவில்லை.

2. பூட் ரோம், பூட்லோடரின் ஒப்பத்தைச் சோதிக்கிறது. எந்தச் சாவியை நம்ப வேண்டும் என்பது சிப்பில் இருக்கும் நுண்ணிய ஃபியூஸ்களில் பதிந்திருக்கும். எரித்த ஃபியூஸை மறுபடி ஒட்ட முடியாது.

3. பூட்லோடர், விபிமெட்டா என்ற சிறிய பார்ட்டிஷனை, அதாவது சேமிப்பகத்தில் பிரித்துவைத்த ஒரு பகுதியைப் படிக்கிறது. கெர்னலும் மற்றவையும் எப்படி இருக்க வேண்டும் என்ற கணக்கு அதில் ஒப்பத்தோடு இருக்கிறது.

4. கெர்னல் எழுந்தபின், சிஸ்டம் பகுதியின் ஒவ்வொரு 4 கிலோபைட் துண்டையும் படிக்கும்போதே அந்தக் கணக்கோடு ஒப்பிடுகிறது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்தத் துண்டை ஏற்காது.

இந்தச் சங்கிலியில் எங்கும் போனை விலைகொடுத்து வாங்கியவரின் சாவி இல்லை. அன்லாக் என்பது மூன்றாம் கண்ணியில், ஒப்பம் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, ஓட்டு என்று பூட்லோடரிடம் சொல்வது. அவ்வளவுதான். சிம் அன்லாக், திரைப் பூட்டு இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐபோனில் இப்படிச் சொல்ல அதிகாரபூர்வமான வழியே இல்லை. அங்கே பேசப்படும் ஜெயில்பிரேக், ஆப்பிளின் இயங்குதளத்துக்குள் ஓட்டை தேடி நுழைவது. இயங்குதளத்தை மாற்றுவது அல்ல.

## அன்லாக் செய்யும்போது ஏன் எல்லாம் அழிகிறது?

செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால், நீங்கள் இப்போது டெவலப்பர் என்று ஒரு சிறு செய்தி வந்து மறையும். புதிதாக முளைத்த டெவலப்பர் மெனுவில் ஓஇஎம் அன்லாக்கிங் என்ற சுவிட்சைப் போட வேண்டும். பின் நம்பர் தெரிந்தவரால் மட்டுமே இங்கே வர முடியும் என்பதுதான் அந்தச் சுவிட்ச் உள்ளே ஒளிந்திருப்பதன் நியாயம். திருடிய போனை நேராக அன்லாக் செய்துவிட முடியாது. சில நெட்வொர்க் கம்பெனிகள் விற்ற போன்களில் இந்தச் சுவிட்ச் சாம்பல் நிறமாகி, தட்டினாலும் அசையாது. அப்படியிருந்தால் அந்தப் போனில் கதை அங்கேயே முடிந்தது.

சுவிட்ச் விழுந்தபின் போனை, கம்ப்யூட்டரின் கட்டளையைப் பூட்லோடரே கேட்கும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுபோய், கம்ப்யூட்டரில் ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் அன்லாக் என்ற கட்டளையைக் கொடுத்தால், போனின் திரையிலேயே ஒரு கேள்வி வருகிறது. அதற்கு வால்யூம் பட்டனால் நகர்ந்து, பவர் பட்டனால் சம்மதிக்க வேண்டும். கேபிளின் மறுமுனையில் இருப்பவர் மட்டும் நினைத்தால் போதாது, போனைக் கையில் வைத்திருப்பவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. சம்மதித்த கணத்தில் படம், செய்தி, ஆப் எல்லாம் போய்விடும்.

இது தண்டனை இல்லை. உங்கள் தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அந்தச் சாவிகள் போனின் பாதுகாப்புப் பகுதியில், பூட்லோடர் பூட்டியிருந்த நிலையோடு பிணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த நிலை மாறினால் பழைய சாவிகள் செல்லாது. தரவை அழிக்காமல் திறக்க முடிந்தால், அதே வசதி போனைப் பறித்தவனுக்கும் கிடைத்துவிடும்.

அதன்பின் போன் எழும்போது வரும் எச்சரிக்கைத் திரைக்கு நிறக்கணக்கு ஒன்று உண்டு.

- பச்சை: பூட்டியிருக்கிறது, கம்பெனியின் ஒப்பம் சரி. இதில் எச்சரிக்கையே வராது.
- மஞ்சள்: பூட்டியிருக்கிறது, ஆனால் பயனர் பதிந்த வேறொரு சாவி.
- ஆரஞ்சு: திறந்திருக்கிறது, யாருடைய ஒப்பமும் சோதிக்கப்படவில்லை.
- சிவப்பு: ஏற்கத்தக்க இயங்குதளம் கிடைக்கவில்லை, அல்லது அது சிதைந்திருக்கிறது.

பெரும்பாலான கஸ்டம் ரோம்கள் வாழ்நாள் முழுக்க ஆரஞ்சிலேயே ஓடுகின்றன. மஞ்சளுக்குப் போக, வேறு சாவியைப் பதிய பூட்லோடர் இடம்கொடுக்க வேண்டும். கூகுளின் பிக்சல் போன்கள் கொடுக்கின்றன. கிராஃபீன்ஓஎஸ் என்ற கஸ்டம் ரோம் பிக்சலையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அதை நிறுவியபின் பூட்லோடரை மறுபடி பூட்டிவிடலாம். சங்கிலி முழுதாக இருக்கும், கடைசிக் கண்ணியின் சாவி மட்டும் வேறொருவருடையது.

## நிறுவும் வரிசை

கட்டளைகள் மாடலுக்கு மாடல் மாறும். ஒவ்வொரு படியும் எதற்காக என்பது மாறாது.

1. போனின் குறியீட்டுப் பெயரைக் கண்டுபிடியுங்கள். பெட்டியில் அச்சடித்த பெயரை நம்பக் கூடாது. ரெட்மி நோட் 8-இன் குறியீடு ஜிங்கோ. உள்ளே ஸ்னாப்டிராகன் சிப். நோட் 8 ப்ரோவின் குறியீடு பெகோனியா, உள்ளே மீடியாடெக். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் ஒன்றின் ரோம் மற்றதில் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

2. தரவை வெளியே எடுங்கள். படங்களை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். கடைசியில் கையைப் பிசையவைப்பது, இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆத்தென்டிகேட்டர் ஆப். அதை இன்னொரு போனுக்கு மாற்றாமல் அன்லாக் செய்தால், சொந்தக் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் வெளியே நிற்க நேரும். அரட்டை ஆப்களின் பேக்கப்பும் போனுக்குள்ளேயே இருந்தால் பயனில்லை.

3. ஃபர்ம்வேர் எந்தப் பதிப்பில் இருக்க வேண்டும் என்று ரோம் சொல்கிறதா பாருங்கள். இந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் ஃபர்ம்வேர்மேல்தான் ஓடும் என்று எழுதியிருந்தால், ஸ்டாக் ரோமிலேயே அந்தப் பதிப்புவரை அப்டேட் செய்துவிட்டு இறங்க வேண்டும். பலர் தாண்டிப்போகும் படி இது.

4. இறக்கிய ஃபைலின் ஷா-256 எண்ணை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வெளியிட்டவர் கொடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடையும் கலப்பட ஃபைலையும் இதில் பிடித்துவிடலாம்.

5. ரெக்கவரியை மாற்றுங்கள். ரெக்கவரி என்பது இயங்குதளத்துக்கு வெளியே நிற்கும் ஒரு சிறு மென்பொருள்; பழுது பார்ப்பதும் அப்டேட் எழுதுவதும் அதன் வேலை. கம்பெனியின் ரெக்கவரி கம்பெனி ஒப்பமிட்ட தொகுப்பை மட்டுமே ஏற்கும். லினியேஜ்ஓஎஸ் என்ற கஸ்டம் ரோம் தன் ரெக்கவரியைத் தானே தருகிறது. டிடபிள்யூஆர்பி பலகாலமாகப் புழங்கும் பொது ரெக்கவரி.

6. ரெக்கவரிக்குள் போய் டேட்டாவை ஃபார்மட் செய்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியே ஃபைலை அனுப்பும் ஏடிபி சைடுலோடு வழியாக ரோமை அனுப்புங்கள்.

இந்த ஆறாவது படியில் முதல்முறைக்காரர்களின் வயிற்றைக் கலக்கும் ஒரு காட்சி உண்டு. கம்ப்யூட்டர் திரையில் சதவீதம் ஏறிக்கொண்டே வந்து, சில போன்களில் 47-இல் நின்றுவிடும். பிறகு ஒரு வரி: ஃபெயில்டு டு ரீட் கமாண்ட், சக்சஸ். கட்டளையைப் படிப்பதில் தோல்வி, காரணம் வெற்றி! பயந்துபோய் கேபிளைப் பிடுங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். உண்மையில் நிறுவல் முடிந்திருக்கும். பார்க்க வேண்டியது போனின் திரையை.

ஜிஆப்ஸ் வேண்டுமானால் ரோமை முதல்முறை பூட் செய்வதற்கு முன்பே நிறுவ வேண்டும். அதிலும் நடுவில் ரெக்கவரியை ஒருமுறை ரீபூட் செய்யச் சொல்வார்கள். 2016-இல் ஆண்ட்ராய்டு 7 கொண்டுவந்த ஏ, பி என்ற இரட்டை ஸ்லாட் அமைப்புதான் காரணம். இயங்குதளத்துக்கு இரண்டு அறைகள். ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றதில் அப்டேட் எழுதப்படும். ரோம் மற்ற அறைக்குள் போயிருக்கும். ரீபூட் செய்யாமல் ஜிஆப்ஸை அனுப்பினால் அது பழைய அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ரோம் எழும், ப்ளே ஸ்டோரைக் காணோம்.

முதல் பூட்டுக்குக் கால் மணி நேரம்கூட ஆகலாம். அதற்குமேல் லோகோவே சுழன்றுகொண்டிருந்தால் எங்கோ ஒரு படி தவறியிருக்கிறது.

## செங்கல்லாவது எப்படி?

எதற்கும் உதவாமல் போன போனுக்கு பிரிக், அதாவது செங்கல் என்று பெயர். இதில் சாஃப்ட், ஹார்ட் என்று இரண்டு வகை. ஃபாஸ்ட்பூட்டோ ரெக்கவரியோ இன்னும் திறக்கிறது என்றால் அது சாஃப்ட் பிரிக். ஸ்டாக் ரோமை மறுபடி எழுதி மீட்டுவிடலாம். கஸ்டம் ரோம் முயற்சியில் வருவது பெரும்பாலும் இதுதான். சிஸ்டம் பார்ட்டிஷனில் தப்பான ரோமை எழுதினாலும் பூட்லோடர் உயிரோடுதான் இருக்கும்.

மீளாத சேதம் வருவது வேறு வழிகளில்.

1. கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போதே பூட்லோடரை மறுபடி பூட்டுவது. ஆரஞ்சுத் திரை தொல்லை தாங்காமல் செய்வார்கள். பூட்டிய கணத்தில் போன் மறுபடி கம்பெனி ஒப்பத்தை மட்டும் தேடும், கிடைக்காது, சிவப்பில் நின்றுவிடும். ஓஇஎம் அன்லாக்கிங் சுவிட்சும் அணைந்திருந்தால் திரும்பத் திறக்க செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். செட்டிங்ஸுக்குப் போக போன் எழ வேண்டும்!

2. பதிப்பில் பின்னோக்கிப் போவது. பழைய பதிப்பின் ஓட்டையைப் பயன்படுத்த முடியாதபடி, புதிய பூட்லோடர் ஓர் எண்ணைப் பதிந்துகொண்டு அதைவிடக் குறைந்ததை மறுக்கும். 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6 வரிசையில் இந்தப் பூட்டு விழுந்தது; அதன்பின் ஆண்ட்ராய்டு 12-க்குத் திரும்ப முடியவில்லை.

3. வேறு மாடலின் ஃபர்ம்வேரை, குறிப்பாகப் பூட்லோடரையே எழுதிவிடுவது.

4. கண்ணில் பட்ட பார்ட்டிஷனையெல்லாம் அழிப்பது. ஐஎம்இஐ எண்ணும் மோடத்தின் அளவீடுகளும் ஒவ்வொரு போனுக்கும் தனி. அவை உள்ள பகுதியை அழித்தால் போன் எழும், சிக்னல் வராது. அடுத்தவர் போனிலிருந்து நகலெடுத்தும் சரிசெய்ய முடியாது.

குவால்காம் சிப்களில் இடிஎல் என்ற கடைசி அவசர வாசல் ஒன்று இருக்கிறது. பூட்லோடரே செத்தாலும் பூட் ரோம் அதைத் திறக்கும். ஆனால் உள்ளே போக கம்பெனி ஒப்பமிட்ட ஒரு கோப்பு வேண்டும். அதைப் பல கம்பெனிகள் சர்வீஸ் சென்டர்களுக்கு மட்டுமே கொடுக்கின்றன.

## வங்கி ஆப் ஏன் முரண்டு பிடிக்கிறது?

ஆப், போனிடம் நீ பத்திரமா என்று கேட்பதில்லை. போன் பொய் சொல்லலாம். கூகுளிடம் கேட்கிறது. முன்பு சேஃப்டிநெட், இப்போது ப்ளே இன்டெக்ரிட்டி என்பது அந்தச் சேவையின் பெயர். பதில் மூன்று தரத்தில் வரும்: அடிப்படை, சாதன அளவு, வலுவான அளவு. எந்தத் தரம் போதும் என்று முடிவெடுப்பது ஆப்பை உருவாக்கியவர்.

ஆரம்ப காலத்தில் மென்பொருள் சொன்னதை வைத்தே இந்தச் சோதனை நடந்ததால், ஏமாற்றுவது சுலபமாக இருந்தது. இப்போது போனின் பாதுகாப்புப் பகுதியே, பூட்லோடர் திறந்திருக்கிறதா, எந்தச் சாவியில் பூட் ஆனது என்று சான்றிதழ் எழுதி ஒப்பமிட்டுத் தருகிறது. 2025 மே மாதத்திலிருந்து ஆண்ட்ராய்டு 13-உம் அதற்கு மேலும் உள்ள போன்களில் சாதன அளவுத் தரத்துக்கே இந்த வன்பொருள் சான்று தேவை. வலுவான தரத்துக்கு, கடந்த ஓராண்டுக்குள் பாதுகாப்பு அப்டேட்டும் வந்திருக்க வேண்டும். ஆரஞ்சு நிலையில் ஓடும் போன் இதில் நேர்மையாகத் தேற வழியில்லை. தேறவைக்கும் தந்திரங்கள் அவ்வப்போது கிளம்புகின்றன, சில வாரங்களில் செத்தும் போகின்றன. மாதச் சம்பளம் வந்து விழும் கணக்கை அந்தத் தந்திரங்களை நம்பி நடத்துவது விவேகம் ஆகாது.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. பல ஆண்டுகளாக ஒரு பேட்சும் (பாதுகாப்புத் திருத்தம்) வாங்காத, ஆண்ட்ராய்டு 12 ஓடும் ஸ்டாக் போன் சாதன அளவில் தேறிவிடும். பூட்லோடரைப் பூட்டி, அண்மைய பேட்சோடு ஓடும் கிராஃபீன்ஓஎஸ் தேறாது. காரணம், அந்தச் சோதனை கேட்பது கூகுள் சான்றளித்த மென்பொருளா என்பதை. ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றனவா என்பது பெரிதும் வேறு கேள்வி. வன்பொருள் சான்றை நேரடியாகப் படித்து கிராஃபீன்ஓஎஸ் சாவியையும் ஏற்க ஆப் கம்பெனிகளால் முடியும். செய்கிறவர்கள் சொற்பம்.

வீடியோவிலும் இதே கதை. வைட்வைன் என்ற உரிமப் பாதுகாப்பு எல்1 தரத்திலிருந்து எல்3-க்கு இறங்கிவிட்டால், கட்டண வீடியோ ஆப்கள் மங்கலான படத்தையே தரும். அன்லாக் செய்ததும் சில போன்களில் இப்படி ஆகும், சிலவற்றில் ஆகாது. 4ஜி வழியே பேசும் வோல்டிஇ வசதி, கம்பெனி கேமரா ஆப்பின் படத் தரம் இரண்டும் பிளாப்களை நம்பியவை. உங்கள் மாடலில் அவை வேலை செய்கின்றனவா என்பதை ரோமின் பக்கத்திலேயே முன்கூட்டிப் பாருங்கள்.

## இரண்டு தேதிகள்

இப்போது அந்த நான்கு அடுக்குக்குத் திரும்புவோம். கஸ்டம் ரோம் போட்ட பழைய போனில் ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் பேட்ச் போன மாதத் தேதியைக் காட்டும். லினியேஜ்ஓஎஸ் வெண்டர் பேட்ச் தேதியையும் தனியே காட்டுகிறது. அது கம்பெனி கைவிட்ட மாதத்திலேயே உறைந்து நிற்கும். முதல் தேதி மேல் அடுக்குக்கு, இரண்டாவது கீழே உள்ளவற்றுக்கு.

2015-இல் அம்பலமான ஸ்டேஜ்ஃப்ரைட் ஓட்டை, வீடியோ கோப்பைக் கையாளும் நூலகத்தில், அதாவது சிஸ்டம் அடுக்கில் இருந்தது. அப்படிப்பட்டதை ரோம் கட்டுகிறவர்களே அடைத்துவிடலாம். கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ போன்களுக்குத் திருத்தம் அந்த வழியாகத்தான் போய்ச் சேர முடியும். 2023 மார்ச்சில் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு, சாம்சங்கின் எக்ஸினோஸ் மோடங்களில் 18 ஓட்டைகளைக் கண்டதாக அறிவித்தது. அவற்றில் நான்கு, போன் நம்பர் மட்டும் தெரிந்தாலே தூரத்திலிருந்து மோடத்துக்குள் நுழைய விடும் ரகம். அந்த ஓட்டைக்கு மருந்து ஃபர்ம்வேரில். எந்தக் கஸ்டம் ரோம் குழுவாலும் அதைத் தயாரிக்க முடியாது.

ஆகவே கைவிடப்பட்ட போனுக்குக் கஸ்டம் ரோம் போடுவது, போடாமல் இருப்பதைவிடப் பல விதத்தில் நல்லது. அப்டேட் வருகிற போனோடு ஒப்பிட்டால் குறைவானது. இன்னும் ஆதரவில் இருக்கும் போனில் பாதுகாப்புக்காக என்று சொல்லி ஆரஞ்சு நிலைக்குப் போவது பெரும்பாலும் தலைகீழ்க் கணக்கு. பூட்லோடர் திறந்த போன் சிறிது நேரம் வேறொருவர் கையில் சிக்கினால், கெர்னலை மாற்றி வைத்துவிட்டு, நீங்கள் பின் நம்பர் போடும்வரை காத்திருக்கலாம்.

ரூட் செய்வதும் இதுவும் ஒன்றல்ல. இயங்குதளத்தின் எந்த மூலையையும் தொடும் முழு அதிகாரத்தை ஆப்களுக்குத் திறந்துவிடுவது ரூட். கஸ்டம் ரோம் போட ரூட் தேவையில்லை, லினியேஜ்ஓஎஸ் ரூட்டோடு வருவதுமில்லை. ஆபத்துக் கணக்கும் வேறு. சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

## மூடும் கதவுகள்

ஒரு காலத்தில் இது கம்பெனிகளே விரும்பிய விளையாட்டு. 2014-இல் ஒன்பிளஸ் ஒன் போன், சயனோஜென் நிறுவனம் கட்டிய இயங்குதளத்தோடேயே கடைக்கு வந்தது. அந்த நிறுவனம் 2016 இறுதியில் சேவையை மூடியபோது, ஆர்வலர்கள் அதே மூலநிரலிலிருந்து லினியேஜ்ஓஎஸ் என்று தொடர்ந்தார்கள். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 கொண்டுவந்த ட்ரெபிள் ஏற்பாடு, சிஸ்டத்தையும் வெண்டரையும் பிரித்து நடுவே நிலையான இடைமுகம் வைத்தது. ரோம் கட்டுகிறவர்களின் வேலை அதனால் பாதி குறைந்தது என்றே சொல்லலாம்.

காற்று மாறியது அதற்கப்புறம்.

2018 மே மாதம் ஹுவாவே, அன்லாக் குறியீடு கொடுப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஷாவ்மி முன்பே ஏழு நாள் காத்திருப்பு போன்ற தடைகளை வைத்திருந்தது. 2023 இறுதியில் அதன் புதிய இயங்குதளமான ஹைப்பர்ஓஎஸ் வந்தபின் விண்ணப்பம், கணக்கின் வயது, எண்ணிக்கை வரம்பு என்று அது இன்னும் இறுகியது. 2025-இல் சாம்சங்கின் மென்பொருள் பதிப்பான ஒன் யுஐ 8 வந்தபோது அதன் புதிய கேலக்ஸி மாடல்களில் ஓஇஎம் அன்லாக்கிங் சுவிட்சே காணாமல் போனது.

அதே ஆண்டு கூகுள் இரண்டு காரியம் செய்தது. மார்ச்சில், ஆண்ட்ராய்டு உருவாக்கம் முழுவதையும் உள்வட்டத்துக்கு நகர்த்துவதாகவும், முடிந்த பதிப்பின் மூலநிரல் மட்டும் வெளியே வரும் என்றும் அறிவித்தது. ஜூனில் ஆண்ட்ராய்டு 16-இன் மூலநிரலை வெளியிட்டபோது, வழக்கமாகக் கூடவே வரும் பிக்சல் போன்களுக்கான சாதனக் கோப்புகளைத் தரவில்லை. ஆண்ட்ராய்டு மூடப்பட்டுவிட்டது என்று பரபரப்பான தலைப்புகள் வந்தன; அது சரியல்ல, மூலநிரல் வெளிவந்தது. ஆனால் பிக்சலுக்கு ரோம் கட்டுகிறவர்கள் மற்ற போன்களுக்குச் செய்வதுபோலவே ஸ்டாக் ரோமைப் பிரித்துப் பார்த்துத் தேவையானதைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

கம்பெனிகள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை; இடையில் கைமாறும் புதுப் போன்களில் விளம்பரச் செயலிகளைத் திணிக்கத் திறந்த பூட்லோடர் உதவும். ஆனால் பயனர் தன் சாவியைப் பதிந்து பூட்டிக்கொள்ளும் மஞ்சள் நிலை ஆண்ட்ராய்டின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. பாதுகாப்பு மட்டுமே கவலை என்றால் அந்த வழியைத் திறந்துவைத்திருக்கலாம். 2023-இல் பிக்சல் 8-உம் 2024-இல் கேலக்ஸி எஸ்24-உம் ஏழு ஆண்டு அப்டேட் என்று உறுதி சொன்னபின், பழைய போனைக் காப்பாற்றுவது என்ற வாதத்தின் கூர்மை விலையுயர்ந்த மாடல்களில் மழுங்கியிருப்பதும் உண்மைதான். அந்த உறுதி கிடைக்காத மலிவு மாடல்களே உலகில் ஏராளம், அவற்றுக்குத்தான் இந்தக் கதவு தேவைப்படுகிறது.

## திரும்பி வருவது

பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஸ்டாக்குக்குப் போகலாமா? பெரும்பாலும் முடியும், வரிசை தப்பக் கூடாது. உங்கள் மாடலுக்கான முழு ஸ்டாக் தொகுப்பை, போனில் இப்போதிருக்கும் ஃபர்ம்வேரைவிடப் பழையதாக இல்லாமல் பார்த்து எழுத வேண்டும். போன் எழுகிறதா, சிக்னல் வருகிறதா, செட்டிங்ஸ் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டுவது அதற்கப்புறம்தான், பூட்டும்போது தரவு இன்னொருமுறை அழியும். அதன்பின் நிலை பச்சைக்கு வந்துவிடும், வங்கி ஆப் பழையபடி பேசும்.

சாம்சங்கில் மட்டும் ஒன்று திரும்பாது. நாக்ஸ் என்ற தங்கள் பாதுகாப்பு அமைப்புக்காகச் சிப்பில் ஒரு ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள். கம்பெனி ஒப்பமில்லாத பூட் கோப்பு ஒன்று முதன்முறை ஓடும்போது அது எரிந்து, பூஜ்யமாக இருந்த மதிப்பு ஒன்றாக மாறும். ஸ்டாக் ரோமை எழுதி, பூட்லோடரைப் பூட்டி, எல்லாம் வாங்கிய நாள்போல இருந்தாலும் சாம்சங் பே வேலை செய்யாது, செக்யூர் ஃபோல்டர் திறக்காது. டவுன்லோடு மோடுக்குள் போய்ப் பார்த்தால், திரையின் மூலையில் சின்ன எழுத்தில் அந்த ஒன்று அப்படியே இருக்கும். பழைய கேலக்ஸி வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் அந்த மூலையைப் பார்த்துவிடுவது நல்லது.